சம்பந்தம் மெதுவாக நடக்கிறான்

“அந்தப் பெட்டிய வாங்கிகினு போனது யாருன்னு மட்டும் சொல்லு மச்சான். மீதிய நான் பேசிக்கிறேன்.”

குரலில் கோபம் இருந்தது. ஆனால் பழக்கமில்லாத கோபம்… இரவல் வாங்கிய சட்டை மாதிரி அளவு சரியில்லாமல் தொங்கியது. தாட்சாயிணி திரும்பிப் பார்த்தாள்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கிறது ஜெகதீஷின் ரிப்பேர் கடை. மூன்று பேர் உள்ளே நின்றால் நான்காமவர் மழையில்தான் நிற்க வேண்டும். அன்று நான்காவதாக நின்றவன் அவன். முப்பது, முப்பத்தொன்று இருக்கும். நெற்றியோடு ஒட்டிய முடி. இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது… அதை அவன் துடைக்கக்கூட இல்லை.

“இன்னா ஹேமு, நானா வந்து உங்க ஊட்ல தூக்கிகினு போனேன்? உங்க அண்ணிதான் ரெண்டு பழைய ஃபேனு, ஒரு மிக்ஸி, இந்த கேம் பெட்டி எல்லாத்தையும் ஆட்டோல போட்டு அனுப்புனாங்கோ. நாலு மாசம் கழிச்சு வந்து எகிர்ற!” ஜெகதீஷ் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரால் தாட்சாயிணியைக் காட்டினான். “இதோ கீறாங்க பாரு. மேடம்தான் வாங்கினாங்க. பேசிக்கோ.”

அந்தக் கண்கள் அவள் மேல் வந்து நின்றன. அவள் கையில், பிளாஸ்டிக் கவருக்குள், அந்தப் பெட்டியின் கன்ட்ரோலர். பழுது பார்க்கக் கொண்டுவந்தது. எதற்கென்று தெரியாமல் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“மேடம்… அதுல ஒரு ஆட்டம் சேவ் பண்ணி வெச்சிருந்தேன். சம்பந்தம்னு பேர் போட்டு.” கோபம் எங்கோ போய்விட்டிருந்தது. “அது இன்னும் இருக்குதா? பெட்டிய நீங்க வாங்குன வெலைக்கே திருப்பி வாங்கிக்கிறேன். இல்லன்னா புதுசு ஒண்ணு வாங்கித் தரேன்.”

சம்பந்தம்…

யாரோ அவள் வீட்டுப் பெயரைத் தெருவில் நின்று சத்தமாகச் சொன்னதுபோல் இருந்தது அவளுக்கு.

தாட்சாயிணி பிறந்து வளர்ந்தது ஆவடியில், பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில். பக்கத்து வீடு மதுரை, எதிர் வீடு தர்மபுரி, மாடியில் நாகர்கோவில். எல்லா ஊர்க் குழம்பும் ஒரே வராந்தாவில் மணக்கும். அப்பா ஓய்வு பெற்ற மாதமே வீட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டு அம்மாவோடு கடையநல்லூர் போய்விட்டார். தோழிகள் அவரவர் அப்பாக்களின் ஊர்களுக்குச் சிதறினார்கள். அவள் மட்டும் அம்பத்தூரில் வால்வு தயாரிக்கும் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலைக்காக மிஞ்சினாள். முகப்பேரில் ஒரு மாடியறை. ஒருமுறை பஸ்ஸில் போகும்போது பழைய வீட்டைப் பார்த்தாள். கொடியில் வேறு யாருடைய துணியோ காய்ந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மறுபக்க ஜன்னலில் உட்கார்ந்தாள்.

நாள் முழுக்க இரும்புத் துண்டுகளை அளந்துவிட்டு வந்தால் பேச ஆளில்லை. அதனால்தான் பழைய கேம் பெட்டி ஒன்று வாங்கினாள். முதல் நாள் போட்டதும் அதற்குள் ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

ஏதோ குளிர்நாட்டு ராஜ்யம். டிராகன்கள், இடிந்த கோட்டைகள், வாயில் நுழையாத பெயர்கள். அதற்கு நடுவில், கவசமும் வாளுமாக, சம்பந்தம்! யாராவது வீரனுக்கு அப்படிப் பெயர் வைப்பார்களா? சிரித்துவிட்டாள். அந்த அறையில் அவள் சத்தமாகச் சிரித்தது அன்றுதான் முதல் தடவை.

இருநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் ஆடியிருந்தான் முன்னால் ஆடியவன். கடைசிக் கோட்டை வாசல் வரை வந்துவிட்டு, உள்ளே போகாமல் நிறுத்தியிருந்தான். ஏரிக்கரையில் ஒரு சின்ன வீடு கட்டியிருந்தான். கூட வரும் மூன்று தோழர்களில் பலவீனமான கிழவனுக்குத்தான் நல்ல கவசத்தைக் கொடுத்திருந்தான். யார் இவன்… எப்படிப்பட்டவன்… நாலு மாதமாக, மாலை ஏழு மணிக்கு, அந்தக் கேள்வியோடுதான் அவள் அந்த வயல்களில் நடந்தாள். கோட்டைக்குள் அவளும் போகவில்லை. முடித்துவிட்டால் அப்புறம் யாரோடு நடப்பது?

இப்போது அவன் வந்து நிற்கிறான். எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

“அழிச்சிட்டேன்” என்றாள். “வாங்கின அன்னைக்கே. எல்லாத்தையும்.”

தன் குரல் இவ்வளவு நிதானமாகப் பொய் சொல்லும் என்று அவளுக்குத் தெரியாது. அவன் முகத்தில் ஏமாற்றம் வரும் என்று காத்திருந்தாள். ஆனால் வந்தது வேறேதோ… அவளால் படிக்க முடியாத ஒன்று. இமையிலிருந்த துளி அப்போதுதான் விழுந்தது.

“சரி… பரவால்ல மேடம்” என்றவன், கவரைப் பார்த்தான். “இதுக்கு இன்னா?”

“இடது குச்சி தானா இழுக்குது.”

“அது அப்போலேந்தே அப்படித்தான். கொஞ்சம் வலது பக்கமாத் தள்ளிப் புடிச்சுகினே நடக்கணும்.”

“அப்படித்தான் நடந்துட்டிருக்கேன்…” நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அதாவது… வேற விளையாட்டுல.”

“வேற விளையாட்டுன்னா?”

“நான் வியூகம் போட்டு ஆடுறவ. நாடு புடிக்கிறது, ஊர் கட்டுறது. இந்தக் கத்தி, மந்திரம், டிராகன் எல்லாம் எனக்கு ஒத்துவராது.”

“இன்னாங்க இப்படிச் சொல்லிட்டீங்க!” உண்மையாகவே அடிபட்டதுபோல் பார்த்தான். “மேலேந்து பாத்துகினு, எறும்ப நவுத்துற மாதிரி ஆள நவுத்துறது ஒரு வெளாட்டா? எறங்கி நடக்க வாணாம்?”

“இறங்கி நடந்தா என்ன கிடைக்குது? ஊருக்கு ஊர் ஒருத்தன் மறிச்சு, ‘என் கோழி ஓடிப்போச்சு, புடிச்சுக் குடு’ங்கறான். அங்க உலகமே அழியப் போகுதாம். நாயகன் கோழி புடிக்கிறான்!”

“அதான் மேடம் நல்ல வெளாட்டு. நாம கோழி புடிக்கிற வரைக்கும் ஒலகம் காத்துகினு நிக்கும். நெஜத்துல எவன் நிப்பான்?”

ஜெகதீஷ் நிமிர்ந்து இருவரையும் பார்த்தான். “மழை உட்டுடுச்சு. ரெண்டு பேரும் வெளிய போய் பேசுனா நான் கடைய சாத்துவேன்.”

வெளியே போய்ப் பேசினார்கள். டீ சொன்னது அவன். முழுப்பெயர் ஹேமநாதன், ஊர் நசரத்பேட்டை, பெங்களூர் நெடுஞ்சாலையோரக் குடோன் ஒன்றில் சரக்கு அனுப்பும் சூப்பர்வைசர். அடுத்த ஞாயிறு பூந்தமல்லியில் தற்செயலாகச் சந்தித்தார்கள். அதற்கடுத்த ஞாயிறும் தற்செயலாகவே… ஆனால் அதற்கு நேரம் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள்.

மெட்ரோ வேலைக்காக அடைத்திருந்த தகரத் தடுப்புகளின் ஓரமாக, லாரிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, எதிலும் சேர்த்தியில்லாத விஷயங்களைப் பற்றிச் சண்டை போட்டார்கள்.

“நாடு புடிக்கிறதுல முதல் அம்பது நகர்த்தல்தான் சுகம்” என்பாள் அவள். “ஒரு ஊரு, ஒரு ஆறு, சுத்தி ஒரே இருட்டு. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் இருட்டு விலகும் பாருங்க… அதுதான். எல்லாம் தெரிஞ்சு, எல்லா ஊரும் நம்மளுதுன்னு ஆனப்புறம் அது தாசில்தார் வேலை. வாய்க்கா வெட்டு, வரி போடு, கையெழுத்துப் போடு.”

“கம்ப்யூட்டரு ஏமாத்துதுன்னு சொல்றாங்களே?”

“ஏமாத்துறது பரவாயில்ல. எனக்கு உப்பு வித்துக்கிட்டே எல்லையில படையக் கொண்டுவந்து நிறுத்தும். அதுதான் பொறுக்காது.”

“எங்க சித்தப்பா மாதிரி.”

சிரித்துக் குனிந்தபோது தம்ளர் டீ அவள் சுடிதாரில் சிந்தியது. அவன் கைக்குட்டையை நீட்டிவிட்டு, வேறு பக்கம் பார்த்தான். அந்த வேறு பக்கம் பார்ப்பதுதான்… அவளுக்கு என்னவோ செய்தது.

அவனுக்கும் தன் ஆட்டத்தின் மேல் குறைகள் இருந்தன. “ஆட்டத்த செஞ்சவன் நாம பேசறதுக்கு மூணு பதில் குடுப்பான். ‘சரி’, ‘சரிங்க’, ‘சரி போறேன்’. எத அமுக்கினாலும் கதை ஒரே எடத்துக்குத்தான் போவும். அதுக்கு இன்னாத்துக்கு மூணு?”

“நீங்க கஷ்டமான லெவல்ல ஆடுவீங்களா?”

“சேச்சே, ஈஸிதான். எட்டு மணி நேரம் லாரிக்காரன்கிட்ட திட்டு வாங்கிட்டு வரவன், டிராகன்கிட்டயும் வாங்கணுமா?”

மூன்றாவது ஞாயிறு மழை பெரிதாகப் பிடித்துக்கொண்டது. பேருந்து நிலையத்துக்கு வெளியே டீக்கடையில் ஒதுங்கினார்கள். எப்போதோ கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவள் அப்போதுதான் கேட்டாள்.

“அந்த சம்பந்தம்… ஏன் அந்தப் பேரு?”

அவன் மழையைப் பார்த்தபடி சொன்னான். “எங்க நைனா பேரு.”

அவள் கையில் தம்ளர் சுட்டது. வைக்கத் தோன்றவில்லை.

“பக்கவாதம். மூணு வருஷம் படுக்கையில. பேச்சு போய்டுச்சு. வலது கை வெரலு ஒண்ணுதான் அசையும். நான் பக்கத்துல ஒக்காந்து ஆடுவேன், அவரு பாத்துகினு இருப்பாரு. எந்தப் பக்கம் போவட்டும்னு கேட்டா வெரலால காட்டுவாரு. சண்டைன்னா கண்ண மூடிக்குவாரு. வயக்காடு வந்தா… அங்கயே நிக்கணும். அந்த ஊர்ல நெல்லு கெடயாது, ஏதோ ஒரு தானியம். அத எடு எடுன்னு காட்டுவாரு. வெத நெல்லுன்னு நெனச்சிகினாரு போல.”

“நிலம்… உங்களுக்கு இருந்ததா?”

“இருந்திச்சு. அவரு படுத்த வருஷமே குடோனுக்குக் குடுத்துட்டோம். அவருக்குச் சொல்லல. ஜன்னல் அந்தப் பக்கம் இல்ல, தெரியாதுன்னு நெனச்சோம். இப்போ நான் சரக்கு ஏத்துற எடத்துலதான் எங்க நாத்தங்கால்.” டீயின் கடைசி மடக்கைக் குடித்தான். “டிவிக்குள்ள அவரு மூட்டை மூட்டையா வெத சேத்தாரு. பாரம் தாங்காம அந்த வீரன் ஓட முடியாது, மெதுவாத்தான் நடப்பான். நானும் ஒண்ணு கூட விக்கல. அவரு போன அப்பால ஆடவும் இல்ல.”

தாட்சாயிணி தம்ளரைக் கீழே வைத்தாள்.

அவளுக்கு ஞாபகம் இருந்தது. முதல் நாள்… சம்பந்தம் ஏன் இப்படித் தள்ளாடித் தள்ளாடி நடக்கிறான் என்று பையைத் திறந்து பார்த்தாள். உள்ளே நானூற்றுச் சொச்சம் தானிய மூட்டைகள், எதற்கும் உதவாத ரகம். நாடு பிடித்து ஆடுகிறவள் செய்கிற முதல் காரியம் களஞ்சியத்தை ஒழுங்குபடுத்துவது. சந்தைக்கு நடத்திக்கொண்டு போய் அத்தனையையும் ஒரே அமுக்கில் விற்றாள். சம்பந்தம் ஓடத் தொடங்கினான். ஆட்டம் தானாகவே அதைச் சேமித்துக்கொண்டது. அன்றைக்கு ‘அப்பாடா’ என்றுகூடச் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு அவள் போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை. ‘ஒடம்பு சரியில்லையா?’ என்று அவன் அனுப்பிய செய்திக்குப் பதில் எழுதி எழுதி அழித்தாள். பெட்டியையும் தொடவில்லை. மாலை ஏழு மணி வரும்… அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். எட்டு மணிக்கு அம்மா போனில் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்பாள். ஆச்சு என்பாள் இவள். அத்தோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

சொன்னால் போய்விடுவான். சொல்லாவிட்டால் இருப்பான்… ஆனால் அவன் அப்பாவின் விதையை விற்றவள், அவன் வாங்கித் தரும் டீயைக் குடித்துக்கொண்டு பக்கத்தில் எப்படி உட்கார்வது?

பதினாறாம் நாள் பெட்டியைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்தாள். பூந்தமல்லியில் பஸ் மாறி நசரத்பேட்டையில் இறங்கினாள். நெடுஞ்சாலையோரம் வரிசையாகக் குடோன்கள். ஒன்றுக்கொன்று வித்தியாசமில்லாத நீலக் கூரைகள். மூன்றாவது வாசலில் காவல்காரர் ஏகாம்பரம் அவளையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஹேமநாதன பாக்கணுமா? இரு தாயி.” உள்பக்கம் திரும்பிக் கத்தினார். “டேய் ஹேமு! ஒரு பொண்ணு வந்துகீது! கையில இன்னாவோ மிக்ஸி மாதிரி வெச்சிகினு, அழுவப் போற மூஞ்சோட நிக்குது! இன்னாடா பண்ண நீ?”

அவன் ஓடி வந்தான். மஞ்சள் பாதுகாப்புச் சட்டை, காதில் செருகிய பேனா. அவளைப் பார்த்ததும் ஓட்டம் நடையானது.

“இந்தாங்க.” பையை நீட்டினாள். ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும்… நின்றால் தைரியம் போய்விடும். “உங்க பெட்டி. சம்பந்தம் இதுல இருக்கார். நான் அழிக்கல. பொய் சொன்னேன். ஆனா விதை இல்ல. முதல் நாளே எல்லாத்தையும் வித்துட்டேன். தெரியாம… பாரமா இருக்குன்னு… அது யாருதுன்னு தெரியாம…”

நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி நீளமாகக் கடந்தது. அது போய் முடியும்வரை அவன் பையையே பார்த்தான்.

“இன்னா வெலைக்குப் போச்சு?”

“கேக்காதீங்க.”

“அங்கயும் வெத நெல்லுக்கு வெல இல்லயா…”

அவன் உதடு சிரிக்கப் பார்த்தது. கண்கள் ஒத்துழைக்கவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“தாட்சாயிணி, எனக்குத் தெரியும்.”

நிமிர்ந்தாள்.

“அந்தப் பெட்டியில என் கணக்கு அப்படியே திறந்துதான் கீது. அண்ணிக்கு அதெல்லாம் மூடணும்னு தெரியாது.” பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துக் காட்டினான். திரையில் அவன் பெயரே இருந்தது, பக்கத்தில் ஒரு சாம்பல் புள்ளி. “யாராச்சும் ஆடினா இது பச்சையாயிடும். நீங்க மூட்டைய வித்த அன்னிக்கி எனக்குப் பதக்கம் ஒண்ணு வந்திச்சு. ‘பெரும் வியாபாரி’ன்னு… என் பேர்ல!”

“ஐயோ…”

“அன்னிக்கி லோடு ஏத்திகினே அழுதேன். எவன்டா இவன், கெடச்சா ஒதைக்கணும்னு இருந்திச்சு. மறுநாளு ஏழு மணிக்குப் பச்சையா எரிஞ்சுது. அதுக்கு மறுநாளும். ஆனா அப்பால பதக்கமே வரல. சண்டை இல்ல, கோட்டைக்குள்ள போவல. எவனோ தெனம் ரெண்டு மணி நேரம் சும்மா நடந்துகினு கீறான்… எங்க நைனா நடக்கச் சொன்ன மாதிரி.” போனைக் கையில் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டான். “வேலை முடிச்சு பஸ்ல ஒக்காந்து இத்தப் பாப்பேன். எரிஞ்சா, ஊட்ல யாரோ இருக்குற மாதிரி. நாலு மாசம் அப்படி. அப்பால யாருன்னு பாக்கணும்னு தோணிச்சு, கடைக்கு வந்தேன். வெலைக்குக் கேட்டேனே தவிர, எங்க குடுத்துடுவீங்களோன்னு பயமாதான் இருந்திச்சு. அழிச்சிட்டேன்னு சொன்னீங்க பாருங்க… எனக்கு உயிரே வந்திச்சு.”

“தெரிஞ்சும் ஏன் கேக்கல?” அவள் குரல் உடைந்தது. “அன்னைக்கு விதை கதை முழுக்கச் சொல்லி… என்னைப் பார்த்துக்கிட்டே…”

“வீம்பு. உங்க வாயாலயே சொல்லட்டும்னு ஒரு வீம்பு.” தலையைச் சொறிந்தான். “தப்புதான். அன்னிலேந்து புள்ளி எரியவே இல்ல. பதினாறு நாளு. நைனா போன அப்பால ஊடு எப்படி இருந்திச்சோ, அப்படி இருந்திச்சு.”

அவனும் எண்ணியிருக்கிறான்…

“நான் ஏன் பொய் சொன்னேன்னு நீங்க கேக்கல” என்றாள்.

“ஏன் சொன்னீங்க?”

“எடுத்துட்டுப் போயிட்டீங்கன்னா எனக்கு யாருமில்ல.” சொல்லி முடித்ததும் கன்னம் சுட்டது. மழை மறுபடியும் தூறத் தொடங்கியிருந்தது, இருவருமே நகரவில்லை. “அப்போ சம்பந்தத்த நெனச்சுச் சொன்னேன். இப்போ… சம்பந்தத்த நெனச்சுச் சொல்லல.”

வாசலில் ஏகாம்பரம் இருமினார். இரண்டு அடி தள்ளிப் போய் நின்றுகொண்டு, மறுபடியும் இருமினார்.

ஹேமநாதன் பையை வாங்கினான். துண்டை ஒழுங்காகச் சுற்றி, மழை படாமல் வாய்ப்பக்கத்தை மடித்து, அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். விரல்கள் பட்டன. இந்தத் தடவை அவன் வேறு பக்கம் பார்க்கவில்லை.

“நாளைக்கு ஏழு மணிக்கு எரியுமா?”

“எரியும். ஆனா நீங்க பஸ்ல ஒக்காந்து போன்ல பாக்க வேண்டாம்.” அவள் அவனை நேராகப் பார்த்தாள். “முகப்பேருக்கு வாங்க.”

“உங்க ஹவுஸ் ஓனரு?”

“கலைவாணி அக்கா கீழ் வீட்டு வாசல்லதான் உக்காந்திருப்பாங்க. யாருன்னு கேப்பாங்க. கேக்காம விடவே மாட்டாங்க.”

“இன்னான்னு சொல்வீங்க?”

தாட்சாயிணி யோசித்தாள். மூன்று பதில்கள் வரவில்லை. ஒன்றுதான் வந்தது.

“எனக்குப் பிடிச்சவர்னு.”